மார்ச் மாதத்தில் ஒன்றுமில்லை

அச்சகத்தில் அவரை ரப்பர் என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளிக்கே அவருடைய சொந்தப் பெயர் சட்டென்று வாயில் வராது. காரணம் அவருடைய வேலை. அச்சுக்குப் போகும் படங்கள் எல்லாம் முதலில் அவருடைய கணினிக்கு வரும். மணமகன் கன்னத்தில் ஒரு பரு, புதுக் கட்டடத்தின் முன்னால் தொங்கும் மின்கம்பி, வானத்தில் ஒரு தூசி. அவர் மவுசை அதன்மேல் இரண்டு தடவை தேய்ப்பார். போய்விடும். போன இடத்தில் பக்கத்துத் தோலோ பக்கத்துச் சுவரோ பக்கத்து வானமோ வந்து உட்கார்ந்துகொள்ளும். அங்கிருந்து ஏதோ எடுக்கப்பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. அதில் அவருக்குப் பெருமை உண்டு. அதை வெளியே காட்டிக்கொள்ள வழியில்லை. காட்டுவதென்றால் எதைக் காட்டுவது?

"ரப்பர் அண்ணன்கிட்ட பார்த்துப் பேசுங்க. கோவம் வந்தா உங்களையே எடுத்துருவாரு" என்று மெஷின்காரர் வருகிறவர்களிடம் சொல்வார். ரப்பர் சிரிக்க மாட்டார். திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆண்டுக் கடைசியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் காலண்டர் வேலை வந்தது. பன்னிரண்டு காட்டுப் படங்கள். உறைமேல் முதலாளி 'இயற்கை, சுத்தம் செய்யவும்' என்று எழுதியிருந்தார். வேறு எதுவும் எழுதவில்லை, சொல்லவுமில்லை. புல், பாறை, சருகு, மணல், மரப்பட்டை. மனித முகம் இல்லாத படம் என்றால் ரப்பருக்கு ஓய்வு மாதிரி. கூர்மையாக எது பளிச்சென்று தெரிந்ததோ, எது சுற்றிலும் உள்ளதோடு ஒட்டாமல் நின்றதோ, அதைத் தேய்த்து எடுத்தார். சாப்பாட்டு வேளைக்குள் பன்னிரண்டும் முடிந்தது.

அச்சாகி வந்த பிறகுதான் ஒவ்வொரு படத்துக்கும் கீழே இருந்த வரியைப் படித்தார். 'இதில் ஓர் உயிர் ஒளிந்திருக்கிறது. தெரிகிறதா? தெரியவில்லை என்றால் எங்களிடம் வாருங்கள்.' விடைகள் அடுத்த ஆண்டுக் காலண்டரில் வருமாம்.

ரப்பர் பதறவில்லை. எந்த விலங்கையும் அழித்த ஞாபகம் அவருக்கு இல்லை. எந்த விலங்கையும் பார்த்த ஞாபகமும் இல்லை. ஒரு காலண்டரைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அவருடைய மனைவி ஒரு சட்டைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே காஜா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பொத்தான் நுழையும் துளையைச் சுற்றி நூலால் நெருக்கமாகக் கட்டுகிற வேலை. மெஷின் காஜா மலிவு; கைக்காஜா வேண்டும் என்று கேட்கிற கம்பெனி அது. இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, துளை எது துணி எது என்று விரலால் தடவிப் பார்க்கும் நிலைமை வந்தபோது ஆபரேஷன் செய்துகொண்டாள். கட்டு அவிழ்த்ததும் டாக்டர் சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். கடைசி வரிவரை படித்தாள். ஆனாலும் அவளுக்குத் திருப்தியில்லை.

"எழுத்துன்னா பாதி தெரிஞ்சாலே மீதியை ஊகிச்சுடலாம். அது பரீட்சையே இல்ல" என்றாள்.

அவள் தன் பரீட்சையைக் காலண்டரில் வைத்துக்கொண்டாள். சமையலறை ஜன்னல் பக்கத்தில் அதை மாட்டி, கையில் கரண்டியோடு நின்று ஒவ்வொரு மாதமாகப் புரட்டிப் பார்ப்பாள். பாறைகளுக்கு நடுவில் ஓணானைப் பிடித்தாள். சருகுக் குவியலில் ஒரு சருகுக்கு மட்டும் கால் இருந்தது. மணலில் பாம்பின் தலை, புல்லில் முயலின் முதுகு. ஒவ்வொன்றும் கிடைத்ததும் ஒரு சின்ன 'ம்' கொட்டுவாள். கம்பெனிக்காரனிடம், மூட்டையைக் கொண்டுவரலாம் என்று சொல்லி அனுப்பினாள்.

மார்ச்சில் மாட்டிக்கொண்டாள். மார்ச் ஒரு பழைய மரத்தின் அடிப்பகுதி. படம் முழுக்கப் பட்டை.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தம்பி வந்தான். எலக்ட்ரீஷியன். அக்கா வீட்டில் எரியாத பல்பு ஒன்று எப்போதும் அவனுக்காகக் காத்திருக்கும்.

"இதோ காது" என்று அவன் விரல் வைத்தான்.

"அது கிளை முறிஞ்ச இடம்டா."

"காதுக்கா. நரி."

"நரி எங்கடா மரத்துல ஏறுச்சு?"

"பசிச்சா எல்லாம் ஏறும்."

அவள் சிரித்துவிட்டு மறுபடி படத்தின் பக்கம் திரும்பினாள். பிறகு மரத்தின் நடுவில், ஒரு பொந்துக்குக் கீழே காட்டினாள்.

"எனக்கு இங்க என்னமோ தூங்குற மாதிரி தெரியுது."

கைகழுவிவிட்டு வந்த ரப்பர் எட்டிப் பார்த்தார். "அது வெறும் பட்டைம்மா. இந்தப் படத்தை நான்தானே சுத்தம் பண்ணேன். அங்க ஒண்ணும் இல்ல."

"நரி இருக்கு மாமா" என்றான் தம்பி.

"நீ சும்மா இரு. அக்கா கல்யாணத்துக்கே வராதவன் பேச்சை எவன் நம்புவான்?"

இது அந்த வீட்டின் பழைய கேலி. பதிவு அலுவலகத்தில் நடந்த கல்யாணம். எடுத்தது ஒரே ஒரு படம். கூடத்தில் மாட்டியிருந்த அந்தப் படத்தில் தம்பி இல்லை. அப்போது அவன் சின்னப் பையன்; அன்றைய அவசரத்தில் அவன் வந்தானா என்று அவர்கள் இருவருக்குமே நிச்சயமில்லை.

"வந்தேன் மாமா. அக்கா நாற்காலிக்குப் பக்கத்துல நின்னேன். அன்னைக்கு எனக்கு இரவல் சட்டைகூட வாங்கிப் போட்டாங்க."

"அப்ப படத்துல ஏன் இல்ல?"

"அதைத்தான் நானும் விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு அவன் பல்பை மாட்டப் போனான்.

மனைவி சிரிக்கவில்லை. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மார்ச்சைப் பார்த்தாள். பிறகு அடுத்த கண்ணை.

அதற்குப் பிறகு அவள் ஊசியை எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தாள். ரப்பர் அதைக் கவனிக்கவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது, பிரிக்காத துணி மூட்டை வாசல் பக்கத்தில் கட்டி வைக்கப்பட்டிருந்தது என்பதுதான்.

"தம்பி நாளைக்கு வந்து கம்பெனியில திருப்பிக் குடுத்துருவான். இனிமே வேண்டாம்னு சொல்லச் சொல்லியிருக்கேன்" என்றாள்.

"ஏன்? கண்ணு மறுபடி மங்கலா இருக்கா?"

"மங்கலா இருந்தாப் பரவாயில்லையே." அவள் சமையலறைப் பக்கம் பார்த்தாள். "கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தேன். ஒரே கூட்டம். உள்ள நுழையும்போதே, மார்ச்சான்னு கேக்குறாங்க. எல்லாரும் மார்ச்சுக்குத்தான் வந்திருக்காங்க."

"உன்னைப் பார்த்து என்ன சொன்னாங்க?"

"கண்ணு நல்லாத்தான் இருக்காம். ஆனா அங்க வந்தவங்களுக்கெல்லாம் ஒண்ணுமே தெரியல. எனக்கு மட்டும் என்னமோ தெரியுது. நீங்க ஒண்ணும் இல்லன்னு சொல்றீங்க. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். இல்லாதது தெரியுற கண்ணை வச்சுக்கிட்டு நான் எப்படிங்க காஜா எடுக்குறது? இல்லாத துளையைச் சுத்திக் கட்டிட்டேன்னா?"

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் வேடிக்கையாக இருந்திருக்கும். அவள் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

மறுநாள் அச்சகத்துக்குப் போனதும் முதல் வேலையாக மார்ச் படத்தைத் திறந்தார். அது பட்டைதான் என்று பெரிதாக்கி அச்செடுத்துக் கொடுத்துவிட்டால் அவள் சந்தேகம் தீரும் என்று நினைத்தார். அவருடைய மென்பொருளில் ஒரு வசதி உண்டு. அவர் செய்த திருத்தம் எல்லாம் மூலப் படத்தின்மேல் ஒரு கண்ணாடித்தாள் மாதிரிப் படிந்திருக்கும். ஒரு பொத்தானைத் தட்டினால் தாள் விலகும். மறுபடி தட்டினால் வந்து மூடும். பொந்துக்குக் கீழே பெரிதாக்கிக்கொண்டு பொத்தானைத் தட்டினார்.

மரம் அவரைப் பார்த்தது.

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டார். பட்டை நடுவில் ஒரு மஞ்சள் கண். முழுதாகத் திறந்திருக்கவில்லை, ஒரு கீற்று. அதைச் சுற்றி அவர் பட்டை என்று நினைத்த அத்தனையும் இறகாக இருந்தது. பட்டையின் வெடிப்பு, இறக்கையின் ஓரம். முண்டு, கழுத்து. மரத்தின் பாதியை அடைத்துக்கொண்டு ஓர் ஆந்தை உட்கார்ந்திருந்தது.

பொத்தானைத் தட்டினார். கண் மூடியது. மரம் மரமானது. மறுபடி தட்டினார். திறந்தது.

அந்த மஞ்சளைத் தேய்த்தது இப்போது ஞாபகம் வந்தது. அச்சுக் கறை மாதிரி உறுத்திய ஒரு மஞ்சள் பொட்டு. இரண்டு தடவை தேய்த்திருந்தார். ஆந்தையை அவர் எடுக்கவில்லை. அதன் இறகில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அது அங்கே இருக்கிறது என்று சொல்லிய ஒரே ஒரு பொட்டை எடுத்திருந்தார். ஊர் முழுக்கச் சுவர்களில் அது குருடாக உட்கார்ந்திருந்தது.

பின்னால் வந்து நின்ற மெஷின்காரர், "அண்ணே, ஆந்தை உங்களைப் பார்த்துக் கண்ணடிக்குது" என்றார். ரப்பரின் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துபோனார்.

முதலாளியிடம் சொன்னார். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

"வெளிய மூச்சு விடாதே. கண்ணாடிக் கடைக்காரர் நேத்துத்தான் வந்து கையைப் பிடிச்சுக்கிட்டார். அடுத்த வருஷமும் நமக்குத்தான் குடுக்கப்போறாராம்."

"விடை போடணுமே, சார். ஆந்தைன்னு போட்டா ஜனங்க தேடுவாங்களே."

"தேடட்டுமேய்யா. தேடித் தெரியலன்னா எங்க போவாங்க?" முதலாளி குரலைத் தாழ்த்தினார். "அடுத்த காலண்டர்ல பன்னிரண்டும் மார்ச் மாதிரியே வேணும்னு கேக்குறார். உன்னால முடியுமா?"

ரப்பர் தன் இடத்துக்கு வந்தார். மூலப் படத்தை அச்செடுத்தார். அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, அதைச் சுருட்டக்கூடச் செய்யாமல் கையில் பிடித்தபடி வீட்டுக்கு நடந்தார். வழியில் ஒரு சலூன் சுவரிலும் ஒரு மருந்துக் கடைச் சுவரிலும் மார்ச் தொங்கியது. இரண்டு இடத்திலும் அவருக்கு ஆந்தை தெரிந்தது. கண் இல்லாமலே தெரிந்தது. இனி தெரியாமல் இருக்க அவரால் முடியாது.

துணி மூட்டை இன்னும் வாசல் பக்கத்திலேயே இருந்தது. தம்பி வந்திருக்கவில்லை. மனைவியிடம் படத்தை நீட்டினார்.

அவள் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"ஆந்தை" என்றாள்.

"ஆமா."

"தூங்குதுன்னு சொன்னேன்ல."

"அது தூங்கல. ஒரு கண்ணு திறந்துதான் இருந்திருக்கு. நான்தான் கறைன்னு நினைச்சு எடுத்துட்டேன்."

அவள் அச்செடுத்த படத்தையும் சுவரில் இருந்த காலண்டரையும் மாறிமாறிப் பார்த்தாள். "அதோட கண்ணையா எடுத்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். கோபம் இல்லை. அவளால் நம்ப முடியவில்லை.

"கண்ணு இல்லாமலே நீ கண்டுபிடிச்சிருக்க. வேற யாருக்கும் தெரியல. எனக்கும் தெரியல. உன் கண்ணுல ஒரு குறையும் இல்லம்மா."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தார். அவள் அழவில்லை; யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இன்னொண்ணு கேக்கணும்" என்றாள். "கட்டு அவிழ்த்து வந்த நாள்லேர்ந்து தெரியுது. இதுவும் இல்லாததுதான் போலன்னு நினைச்சு வாயைத் திறக்கல."

எழுந்து கூடத்துக்குப் போனாள். அவர் பின்னாலேயே போனார். அவள் கல்யாணப் படத்தை ஆணியிலிருந்து கழற்றி, தூசியைத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நாற்காலி முதுகுல பாருங்க. என் தோளுக்குப் பக்கத்துல."

பார்த்தார். படத்தில் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இரண்டு கையும் மடியில். அவர் வலப்பக்கம் நின்றிருந்தார். அவருடைய இரண்டு கையும் முன்னால் கட்டியிருந்தன. இடப்பக்கம் வெறும் சுவர், படத்தின் ஓரம்வரை.

நாற்காலியின் மர முதுகில், இடப்பக்க முனையில், நான்கு சின்ன விரல்கள் இருந்தன. மரத்தின் வேலைப்பாடு என்று நினைக்கும்படி, ஒட்டி, வரிசையாக. அவற்றின் பின்னால் கை இல்லை.

அந்தச் சுவரை அவர்தான் வரைந்தார். கல்யாணமான புதிதில், அச்சகத்தில் யாரும் இல்லாத நேரத்தில். ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு, முகம்கூட வராமல், தொளதொளவென்று ஒரு சட்டை நின்றது. யாரோ அலுவலகத்துப் பிள்ளை குறுக்கே வந்துவிட்டான் என்று நினைத்தார். யாரையும் கேட்கவில்லை. படத்தைக் கெடுத்தது, எடுத்தார். அவ்வளவு நேர்த்தியாக எடுத்ததில் அன்று அவருக்கே ஒரு திருப்தி.

"இருக்குதானே?" என்றாள் மனைவி. "எனக்கு மட்டும் தெரியுற ஒண்ணு இல்லியே?"

"இருக்கு."

அவள் போய் வாசல் பக்கத்திலிருந்த மூட்டையை இழுத்து வந்து முடிச்சைப் பிரித்தாள். ஒரு சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். நூல் முதல் தடவையிலேயே நுழைந்தது.

"தம்பிக்கு ஃபோன் போடுங்க" என்றாள். "மூட்டை எடுக்க வரவேண்டாம்னு சொல்லுங்க."

ரப்பர் படத்தைப் பிடித்தபடியே நின்றார்.

"அப்படியே மத்ததையும் சொல்லிடுங்க."

"மத்ததுன்னா?"

"அவன் கல்யாணத்துக்கு வந்தான்னு."