நாகரிகமாக மொழிபெயர்த்தேன்

மலேசியாவின் ரந்தாவ் நகரைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களுக்கு மனநலச் சேவை ஒன்றை வகுக்க வந்த அதிகாரிகள், அது யாருக்காகவோ அவர்களிடமே முதலில் கேட்பது என்று முடிவு செய்திருந்தனர். ஒரு ஞாயிறு காலை எங்கள் தோட்ட மண்டபத்தில் கூடினோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்பதால், மொழிபெயர்க்கும் பொறுப்பு எனக்கு.

சீருடை மேலங்கி அணிந்த மலாய்ப் பெண் அதிகாரி வரைவை வாசித்தார். நோயாளி வன்முறையில் இறங்கினால் குடும்பத்தார் தொலைபேசியில் அழைக்க வேண்டும். காவலர் துணையுடன் வண்டி வரும். எல்லாரும் தலையாட்டினர். மேசைக்குப் பின்னால் இருப்பவர் எதைச் சொன்னாலும் தலையாட்டுவது, தோட்டக் கணக்கெழுதிய கிராணி காலத்திலிருந்தே எங்களுக்குப் பழக்கம்.

என் பக்கத்து வீட்டுப் பெண் மட்டும் எழுந்தாள். தொழிற்சாலையொன்றில் துப்புரவு வேலை செய்பவள். அவளுடைய ஒரே மகனுக்கு மூன்றாண்டுகளாகக் காதில் குரல்கள் கேட்கின்றன.

"போன மாசம் என் கழுத்தப் புடிச்சி நெரிச்சான், சார். கையக் கடிச்சி சதையப் பிச்சிட்டான். போலீஸுக்குப் போன் பண்ணேன். அவங்க வர்றதுக்குள்ள லயத்து வீட்டு ஆம்பளைங்க லோரி கயித்தால அவனக் கோயில் தூண்ல கட்டி வெச்சி அடிச்சாங்க. ரெண்டு பல்லு போச்சி, வெலா எலும்பு ஒடைஞ்சிருச்சி. இன்னொரு தடவ இப்படி நடந்தா, ஒண்ணு அவன் என்னையக் கொன்னுருவான், இல்லாட்டி இவங்க அவனக் கொன்னுருவாங்க."

அடித்தவர்கள் முன்வரிசையில் இருந்தனர். அன்று அவன் கால்களைக் கட்டியவன் நான். துள்ளிய கணுக்காலில் கயிறு தோலை உரித்துக்கொண்டு இறங்கியதை என் கைகளே உணர்ந்தன.

நான் மலாயில் இவ்வாறு சொன்னேன்: மகனின் நோயால் வீட்டில் அவ்வப்போது பூசல் நேர்கிறது, அண்டை வீட்டார் உதவுகிறார்கள். பிறர் முன்னிலையில் நம் வீட்டு இரத்தத்தைக் காட்டலாகாது என்று எண்ணினேன். அதற்கு நாகரிகம் என்று பெயரும் வைத்திருந்தேன்.

"நல்லா இருக்கு லா சார் ஒங்க மலாய்," என்றாள் அவள். "பத்து வருசமா மலாய்க்காரங்களோட வேல செய்யறேன். எனக்குப் புரியாதுன்னு நெனச்சீங்களா?"

"வாத்தியாருக்கே செவப்பு மை வெச்சிட்டா," என்று பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார்.

அவள் சட்டைக்கையைத் தோள்வரை ஏற்றினாள். கடிபட்ட இடம் குழிந்து கறுத்திருந்தது. அனைத்தையும் தானே மலாயில் சொன்னாள். முன்வரிசையில் இருந்த, ஒரு காலத்தில் தோட்ட வேலையை மேற்பார்த்த பழைய மண்டோர் எழுந்து நாற்காலியை உதைத்தார். அது அவள் முழங்காலில் மோதி விழுந்தது.

"உசுரக் காப்பாத்தினவங்களையே காட்டிக் குடுக்கறியா? இனிமே அவன் ஒன்னக் குத்துனாலும் எங்க கதவத் தட்டாத."

"தட்ட மாட்டேண்ணே. அதுக்குத்தான் இங்க வந்து கேக்கறேன்."

அதிகாரி என்னைப் பார்த்து, அவள் சொல்வது உண்மையா என்றார். உண்மை என்றேன். கால்களைக் கட்டியது நான்தான் என்பதையும் சொன்னேன்.

அவர் வரைவில் காவலர் வண்டி பற்றிய வரியை அடித்துவிட்டு, எப்போது, யார் வர வேண்டும் என்று அவளிடம் கேட்டார்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. மலாயிலேயே விடை சொன்னாள். சீருடை இல்லாமல், தமிழ் தெரிந்த ஒருவர் வர வேண்டும். அடி விழுந்த பிறகு வருவதில் பயனில்லை. கை ஓங்குவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே, அவன் சோற்றை நஞ்சு என்று முகர்ந்து பார்த்துத் தள்ளிவிடுவான். அப்போதே வர வேண்டும்.

கடைசியாக எப்போது தள்ளினான் என்று அதிகாரி கேட்டார்.

"இன்று காலை," என்றாள்.

அதிகாரி சீருடை மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, வீடு எந்தப் பக்கம் என்றார்.