என் மதினி தானாக வெளியே வரவில்லை

கிரகணத்தன்று, ஏழு மாதக் கர்ப்பிணியாக வீட்டுக்குள் இருந்த என் மதினியை வெளியே கூப்பிட்டவன் நான். பிறகு அண்ணன் கேட்டபோது, "நான் கூப்பிடவில்லை" என்று பொய் சொன்னவனும் நான். நாற்பது வருஷத்துக்கு மேலாக அந்தப் பொய்யை நான் திருத்தவில்லை.

நண்பர்களே, இதற்கு லைக் போட வேண்டாம். படித்தால் போதும்.

அன்றைய வெயில் இன்னும் கண்ணில் நிற்கிறது... மத்தியானம் மூன்று மணி தாண்டியதும் மஞ்சளும் இல்லாமல் சாம்பலும் இல்லாமல் ஒரு நிறமானது. பருத்திக் காட்டிலிருந்து வந்த காற்று சட்டென்று குளிர்ந்தது. கோழிகள் பஞ்சாரத்தைத் தேடிப் போய் நின்றன.

பசுவந்தனைப் பக்கம் எங்கள் ஊர். தெரு முழுக்கக் கதவு சாத்தியிருந்தது. பள்ளிக்கூடத்து முற்றத்தில் மட்டும் பத்துப் பதினைந்து பேர். நடுவில், டெலஸ்கோப்போடு வந்திருந்த ஒரு அம்மா.

அந்த அம்மா மலைமேல் ஒரு வானாய்வுக் கூடத்தில் வேலை பார்த்தவர்கள். லீவு கிடைத்தால் டெலஸ்கோப்பைப் போர்வையில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்து, பஸ் ஏறிக் கரிசல் ஊர்களுக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் எழுதிய ஒரு சின்னப் புத்தகத்தை, நான் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் படித்துவிட்டு, எங்கள் ஊருக்கு வரச்சொல்லி லெட்டர் போட்டேன். எட்டாவதோடு நின்ற எனக்கு மூன்று பக்கம் பதில் எழுதினார்கள்.

முந்தின நாள் பள்ளிக்கூட வாசலில் ஒரு சின்னப் பூசணிக்காயை வைத்தார்கள். அதுதான் சூரியன். முப்பது எட்டு எடுத்து வைத்துத் தள்ளிப் போய், உள்ளங்கையில் ஒரு கம்பு மணியைக் காட்டினார்கள். அது பூமி.

"அப்பம் நம்ம கோயில்பட்டி எங்கனம்மா இருக்கு?" என்றார் டீக்கடைக்காரர்.

"கம்புல ஒட்டியிருக்கிற தூசியில தேடிப் பாருங்க அண்ணாச்சி."

"அங்கனயாவது பஸ் ஒழுங்கா நிக்குமா?"

அந்த அம்மாதான் முதலில் சிரித்தார்கள்.

கிரகணத்துக்குப் புகையேற்றிய கண்ணாடி வேண்டாம், கண் போய்விடும் என்று தடுத்துவிட்டார்கள். நான் கொண்டுவந்த தீப்பெட்டி அட்டையில் ஊசியால் ஒரு துளை போட்டார்கள். கரிசல் மண்ணில் வெளிச்சம் விழுந்தது தெரியவில்லை. என் மாற்று வேட்டியை விரித்தோம். வெள்ளைத் துணியில் சுண்டைக்காய் அளவுக்குச் சூரியன்... ஒரு ஓரம் கடிபட்டு, பிறைபோல.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்கு ஓடினேன்.

"மதினி, வாங்க. ஒரு நிமிசம் பாத்துட்டு வந்திருங்க."

"வயித்துப்பிள்ளக்காரி வரலாமா கொழுந்தனாரே? அத்தைக்குத் தெரிஞ்சா கொன்னுபோடுவாக."

"ஒண்ணும் செய்யாது. நான் சொல்லுதேன்லா."

வந்தார்கள். வேட்டியில் விழுந்த பிறையை விரலால் தொட்டார்கள். பிறை விரல்மேல் ஏறி நின்றது. "ஏ யப்பா..." என்றார்கள். அவர்கள் முகம் அப்படி மலர்ந்து அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

இரண்டரை மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. மேலுதடு பிளந்திருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? நான் எழுதிய ஒரு வரிக் கார்டைப் பார்த்துவிட்டு அந்த அம்மா பஸ் ஏறி வந்தார்கள். எங்கள் முற்றத்தில் நின்றபடியே சொன்னார்கள்: "கரு உண்டான ரெண்டு மாசத்துக்குள்ளயே உதடு சேர்ந்துடும். சேராம போனா அப்பவே போனதுதான். கிரகணம் வந்தது ஏழாம் மாசம். தைச்சுடலாம், மதுரையில டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

அண்ணன் என்னைப் பார்த்துத் திரும்பினான்.

"அதெல்லாம் சரி. உன் மதினிய வெளிய கூப்பிட்டது யாருலே?"

அடிக்குப் பயப்படவில்லை. 'படிச்ச பய' என்று ஊர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெயரை விட மனசில்லை.

"அவியளாத்தான் வந்தாவ. நான் கூப்பிடல."

மதினி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள்.

பஸ் ஸ்டாப்பில் அந்த அம்மா சொன்னார்கள்: "உதட்டைப் பத்தி நான் சொல்லியாச்சு. மிச்சத்தை நீங்கதான் சொல்லணும்."

சொல்லவில்லை. சொன்னபடி அந்த அம்மாதான் மதுரைக்குக் கூட்டிப்போய் உதட்டைத் தைத்துக் கொண்டுவந்தார்கள். கடைசிவரை ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள். இறந்த செய்தியைப் பேப்பரில் படித்தபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. மதினிக்கு 'கிரகணத்துக்காரி' என்று பெயர் விழுந்து நிலைத்துவிட்டது.

அன்று ஒரு தீப்பெட்டித் துளைக்கு அலைந்தோம். இன்று கிரகணத்தை போனில் லைவாகப் பார்க்கலாம். போன சந்திர கிரகணத்தன்று, மதினியின் மகள், அந்த உதடு தைத்த பொன்னுத்தாய்க்கு போன் போட்டேன். கர்ப்பமான மகளைச் சாயங்காலமே அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தாள்.

"எங்கம்மா செஞ்ச தப்ப நான் செய்ய மாட்டேன் சித்தப்பா," என்றாள்.

பக்கத்தில் மதினி இருமியது கேட்டது... கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள்.

இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன்.

வருகிற வாரம் பொன்னுத்தாயின் மகளுக்கு வளைகாப்பு. சொந்தம் முழுக்கக் கூடும். அங்கே எழுந்து நின்று, கூப்பிட்டது நான், பொய் சொன்னதும் நான் என்று நான் சொல்ல வேண்டும். தனியாகச் சொன்னால் செல்லாது.

அண்ணன், அந்த அம்மா அவ்வளவு சொன்னபிறகும் கேட்ட கேள்வியே தப்பு என்று தன் வாயால் ஒத்துக்கொள்ள வேண்டும். என்னைத் திட்டிவிட்டு அவன் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

பொன்னுத்தாய், முதல் வளையலைப் போட அவள் அம்மாவை அழைக்க வேண்டும்.

தெருக்காரர்களே, இதை நீங்களும் படிப்பீர்கள் என்று தெரியும். அந்தப் பட்டப்பெயரை இன்றோடு விட வேண்டும்.

மதினி எதுவும் செய்ய வேண்டியதில்லை. என்னை மன்னிக்கவும் வேண்டியதில்லை.