சாலோமியம்மாள் ஏந்திய சந்தைப் புத்தகம்

முகமலர்ச்சி என்பது அறங்களுள் இளையது. ஆயினும் ஒரு வீட்டுக்குள் முதலில் நுழைவது அதுவே. ஈகைக்குக் கையிலே பொருள் வேண்டும்; பொறைக்கு எதிரே பகைவன் வேண்டும்; முகமலர்ச்சிக்கோ முகம் ஒன்று இருந்தாற் போதும். அவ்வறத்தை ஏரலுக்கு மேற்கே, பொருநைக் கரைச் சிற்றூர் ஒன்றின் பெண்பள்ளியில், தலை நரைக்கும்வரை வழுவாமல் நடத்தி வந்தவர் சாலோமியம்மாள். நெட்டையான, மெலிந்த மேனியர். கழித்தல் கணக்கைக்கூடப் பிள்ளைகளைச் சிரிக்கவைத்தே கற்பிப்பார்.

அவருக்கு ஒரு துயரம் உண்டு. அது பள்ளி மண்டபத்துச் சுவரில் தொங்கியது.

அது அவருடைய காலஞ்சென்ற கணவர், உபதேசியார் பாக்கியசீலனின் நிழற்படம். உயிரோடிருந்த நாளில் உபதேசியார் ஊரையே நகைக்க வைத்தவர். படத்திலோ வேப்பெண்ணெய் குடித்தவர்போல் வாயை இறுக்கி, விழியை உருட்டிக்கொண்டிருந்தார். கையில் தடித்த புத்தகம் ஒன்று. உண்மையில் அது புத்தகமே அன்று. புத்தகம்போல் இழைத்துப் பொன்வரி தீட்டிய மரக்கட்டை. படக்கடைக்கு வந்து அமர்வோர்க்கெல்லாம் அதையே கொடுப்பது அந்நாளைய வழக்கம். வக்கீலுக்கு அது சட்டம், வைத்தியருக்கு வாகடம், உபதேசியாருக்கு ஞானநூல்.

அவரை நேரில் கண்டிராத சிறுமிகள் அந்தப் படத்துக்கு அஞ்சினார்கள். "பேசாத பிள்ளே, உபதேசியார் பாக்குதாவ!" என்று ஒருத்தி சொன்னால் வகுப்பே அடங்கும். அதைக் கேட்கும்போதெல்லாம் அம்மையாரின் நெஞ்சு சுருங்கும். 'சிரித்தே வாழ்ந்த மனிதரைப் பூச்சாண்டி ஆக்கிவிட்டார்களே!'

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டில் அம்மையார் பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். கணவர் படத்துக்குப் பக்கத்தில் அவர் படத்தையும் மாட்டவேண்டும் என்று சபையார் முடிவு செய்தனர். குருவானவர் இஸ்ரவேல் ஐயர் பாளையங்கோட்டையிலிருந்து படம் பிடிக்கும் ஹபீப் முகம்மதுவை வண்டியில் வரவழைத்தார். இருவரும் அம்மையாரின் வீட்டு முற்றத்து வேப்பமர நிழலில் மூன்றுகால் பெட்டியை நிறுத்திவிட்டு, முதல் வேலையாக மரக்கட்டையை எடுத்தார்கள்.

"அந்தக் கட்டையத் தூரப் போடு தம்பி," என்றார் அம்மையார். "ஒருத்தர அது கெடுத்தது போதும்."

"அப்ப எந்தப் புத்தகத்தப் பிடிக்கப் போறிய?" என்றார் ஐயர். "திருமறையே இருக்கட்டுமே."

"அது நெஞ்சுல இருக்கு ஐயா. படத்துக்காகத் தூக்கிக் காட்டினா வீம்பு."

"சரி, ஞானப்பாட்டுப் புத்தகம்?"

"நான் பாடினா நீங்க ஜன்னலச் சாத்துதியளே! படத்துல பொய் சொல்லலாமா?"

ஐயர் மறுக்கவில்லை, உண்மைக்கு எதிராக அவர் ஒருபோதும் பேசியதில்லை.

அம்மையார் உள்ளே சென்று, ஓலைப்பெட்டியிலிருந்து மெல்லிய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஓரங்கள் மடங்கி, மஞ்சட்கறை படிந்தது. பெயர், 'கத்தரி புடலை வழக்குச் சிந்து'. மணமான புதிதில் உபதேசியார் ஏரல் சந்தையில் வாங்கியது. கத்தரிக்காயும் புடலங்காயும் ஒன்றையொன்று வைது நியாயத்தலத்துக்குப் போகும் கதை. மாலைதோறும் ஜெபம் முடிந்தபின் தம்பதியர் அதை எதிரெதிரே அமர்ந்து படிப்பார்கள். தொந்தி இருந்தமையால் அவர் கத்தரிக்காய். நெட்டையாதலால் இவர் புடலங்காய். வாழ்நாளில் அம்மையார் எத்தனையோ நூல்கள் கற்றவர். ஆனால் தாம் இன்னார் என்று காட்டும் நூல் எது என்றால், அவர் மனம் இந்தச் சந்தைக் காகிதத்தின்மேல்தான் போய் விழும்.

ஐயர் தலைப்பைப் படித்தார். முகம் சற்றே சிவந்தது. "பள்ளி மண்டபத்துல கத்தரிக்காயா! வரப்போற தலைமுறை என்ன நினைக்கும்? பாட்டுப் புத்தகத்தையே பிடிங்க வாத்திச்சியம்மா."

அம்மையார் பணிந்தார். நாற்காலியில் அமர்ந்து பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்தார். தலை அசையாதிருக்க, ஹபீப் முகம்மது இரும்புக் கவை ஒன்றை அவர் பிடரியில் பொருத்தித் திருகாணியை முடுக்கினான். "இப்ப நேரா இருக்கிய அம்மா. மூச்சுக்கூட பைய விடுங்க." அவன் கறுப்புத் துணிக்குள் நுழைந்து மீண்டு, பெட்டிக் கண்ணாடியின் மூடியைக் கழற்றினான்.

பிடரியில் இரும்பு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியோடு, புடலையை வையும் கத்தரிக்காயின் குரல், உபதேசியாரின் கட்டைக் குரலாகவே, அம்மையாரின் செவிக்குள் எழுந்தது. அடக்கிப் பார்த்தார். தோள் குலுங்கியது. கவை கலகலத்தது. வாய்விட்டு நகைத்துவிட்டார்.

"போச்சு!" என்றான் ஹபீப் முகம்மது. "படத் தகடு பாழ். இனி ஒண்ணுதான் மிச்சம். அதுவும் போனா, உங்க இடத்துல வெறுஞ்சுவர்தான் அம்மா."

"சிறுபிள்ளையா நீங்க?" என்று ஐயர் அதட்டினார். "அப்படி என்னதான் சிரிப்பு?"

அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"கொல்லையிலே கோணிநின்ற கொடிப்புடலைப் பெண்ணரசே!
கல்லெடுத்துக் கட்டிவிட்டால் கண்ணியமும் வந்திடுமோ?"

வளையும் புடலம்பிஞ்சின் நுனியில் கல்லைக் கட்டி நேராக்குவதை அறியாதவர் அந்த முற்றத்தில் எவருமிலர். ஹபீப் முகம்மது தன் கவையைப் பார்த்தான்; அம்மையாரின் நீண்ட கழுத்தைப் பார்த்தான்; மூன்றுகால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்போது, எவரும் கேளாமலே, குருவானவரின் வாயிலிருந்து புடலையின் மறுமொழி புறப்பட்டது:

"முள்ளெடுத்த காம்புடனே முடிதரித்த கத்தரியே!
உள்ளிருக்கும் புழுவினைநீ ஒளித்துவைத்து நகைப்பதுமேன்?"

ஐயர் தம் வாயைத் தாமே பொத்தினார்; ஆனால் காலம் கடந்துவிட்டது.

"ஐயரே," என்றார் அம்மையார், மிகுந்த பணிவோடு, "இது எந்த வேதபாடத்துல வருது?"

"குருப்பட்டத்துக்குப் படிக்கையில தலையணைக்கு அடியில இருந்ததும்மா," என்று ஐயர் முனகினார். "வாங்கித் தந்ததே உங்க உபதேசியார்தான்."

"அப்ப அம்மாவுக்கும் ஐயருக்கும் ஒளிச்சுவச்ச புழு ஒண்ணுதான்!" என்றான் ஹபீப் முகம்மது.

"நீர் வாயை மூடும்வே! அந்தப் புத்தகத்தையே அவுக கையில கொடும். அட்டை மட்டும் வெளியே தெரியக் கூடாது."

கவை கழன்றது. சந்தைப் புத்தகம் விரிந்தது. "படிச்சா உதடு அசையும் அம்மா, படத்துல அந்த இடம் மங்கிப்போகும்," என்று ஹபீப் முகம்மது எச்சரித்தான்.

"மங்கட்டும் தம்பி. மங்கினாலும் அது என் உதடுதானே!"

மூடி திறந்தது. அம்மையார் புடலையின் மறுமொழியைப் படித்தார், எதிரே கத்தரிக்காய் அமர்ந்திருப்பதுபோல.

சில வாரங்களில் படம் வந்து, உபதேசியாருக்கு இடப்பக்கம் ஏறியது. உதடு பனிபோல் மங்கியிருந்தது. கண்களில் குறும்பு மங்கவில்லை. விரித்த புத்தகத்தோடு கணவர் பக்கம் சற்றே சாய்ந்து, எதையோ அவருக்குப் படித்துக் காட்டுவதுபோல் இருந்தார். சிறுமிகள் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இன்பமணி என்னும் துடுக்குக்காரி விரலை நீட்டினாள்.

"ஏட்டி, உபதேசியாருக்குக் கோவமே இல்ல. அம்மா வேடிக்கையா எதையோ படிக்குதாவ. அவுக சிரிப்ப அடக்கிட்டு இருக்காவ. வாயப் பாரு, இப்ப வெடிச்சிரும்!"

வகுப்பு முழுவதும் உபதேசியாரைப் பார்த்துச் சிரித்தது. வாயிலில் நின்று கேட்ட அம்மையார், அன்றுதான் தம் கணவர் பள்ளிக்கு வந்து சேர்ந்ததாக எண்ணி உள்ளே போகாமல் திரும்பினார். அன்று மாலை, மகள் யூனிஸின் குடும்பத்தோடு தாம் வாழ்ந்த வீட்டில், அந்தச் சிந்துப் புத்தகத்தை எடுத்து, கத்தரி, புடலை இரு குரலையும் தாமே படித்தார்.

அவ்வம்மையாரின் இல்லத்தில் அடுப்பும் விளக்கும் போல நகையும் அவியாதிருப்பதாக! அவர்தம் கொல்லையில் கத்தரி முடிதரித்துக் காய்ப்பதாக, புடலை கல்லின்றியே நேராவதாக! யூனிஸும் அவள் மக்களும் மாலை ஜெபத்துக்குப் பின் எதிரெதிரே அமர்ந்து படிக்க, பொருநை நீர்போல் வற்றாத அன்பை ஆண்டவர் அந்த மனைக்கு அருள்வாராக!