சாப்பாட்டு நேரத்துத் தமாஷ்

பேருந்துப் பணிமனையில் பெயிண்ட் அடிப்பவர்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நகக்கண்ணில் பச்சை, காது மடலில் மஞ்சள், தலைமுடியில் மிச்ச நிறமெல்லாம். காஜா அக்காவின் தம்பி மட்டும் வேலை முடிந்து வரும்போதும் கல்யாணத்துக்குக் கிளம்பியவன் மாதிரி வருவான். "பெயிண்ட் பஸ்ஸுக்குத்தானே அடிக்கச் சொன்னாங்க, எனக்கா?" என்பான்.

காஜா அக்காவுக்கு அந்தப் பெயர் தொழிலால் வந்தது. சட்டைத் தொழிற்சாலையில், பொத்தான் நுழைகிற ஓட்டையைச் சுற்றித் தைக்கும் காஜா மெஷின் அவளுடையது. துணி ஒரு நூல் நகர்ந்தாலும் சட்டை பாழ் என்பதால் மெஷினில் உட்கார்ந்துவிட்டால் வாயே திறக்க மாட்டாள். அந்தப் பேச்சையெல்லாம் சேர்த்து வைத்து வெளியே வந்து பேசித் தீர்ப்பாள் என்று கூட வேலை செய்யும் பெண்கள் கேலி செய்வார்கள். கல்யாணம் ஆன வேகத்தில் திரும்பி வந்தவள். ஏன் என்று யாராவது கேட்டால், "அந்த ஆளுக்குப் பேசுற பொண்டாட்டி ஒத்துக்கல" என்று முடித்துவிடுவாள். அப்பா அம்மா போன பிறகு அவளும் தம்பியும் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். ஓர் அறை, ஒரு சமையலறை, கதவைச் சாத்தினால் அதிரும் ஒரு ஜன்னல்.

தம்பிக்கு வியாதி ஒரே நாளில் வரவில்லை. முதலில் டிவியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான். செய்தி வாசிக்கிறவள் தன்னையே பார்க்கிறாளாம். பிறகு, பெயிண்டுக்கு வரும் பஸ்களின் நம்பரில் தனக்கு ஏதோ தகவல் இருக்கிறது என்றான். யார் அனுப்புகிறார்கள் என்று கேட்டால், "மேலிடம்" என்பான். தட்டில் வைத்த சாப்பாட்டை மோந்து பார்த்தான். என் சமையலையா சந்தேகப்படுகிறாய் என்று அக்கா கரண்டியோடு சண்டைக்கே போனாள். ஒருநாள் வேலை விட்டு வந்தவள், வீட்டில் இருந்த சுவிட்சுப் பெட்டிகளெல்லாம் கழற்றிக் கிடப்பதைப் பார்த்தாள். நடுவில் அவன் விரல் கிழிந்து ரத்தம் சொட்ட உட்கார்ந்திருந்தான். "மைக் வச்சிருக்காங்கக்கா. உன்னக் காப்பாத்தத்தான் தேடுறேன்" என்று அழுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மனச்சிதைவு என்றார். "அவருக்குத் தோணுறது அவருக்கு நெஜம். இல்லன்னு வாதாடாதீங்க, ஆமான்னும் சொல்லாதீங்க. பயமா இருக்கான்னு கேளுங்க, அது போதும்" என்றார்.

மாத்திரை கேட்டது. மெல்ல மெல்லத் தூங்கினான், சாப்பிட்டான், டிவி திரும்பவும் அறையைப் பார்த்தது. வேலைக்கும் போனான். நல்ல நாட்களில் அவனே கிண்டல் செய்வான்: "மேலிடம் இப்பல்லாம் லீவுல இருக்குபோல. சத்தத்தையே காணோம்."

இடையில் தம்பிக்கு விடுப்பு கேட்கப் பணிமனைக்குப் போனபோது அக்கா ஃபோர்மேனிடம் உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தாள். வியாதி என்றால் வியாதிதானே, ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தாள். ஃபோர்மேன் அதை, பணிமனையில் சாமான் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர்காரனிடம் சொன்னான். ஸ்டோர்காரன் ஊருக்கே சொன்னான்.

கொஞ்ச காலம் கழித்து மறுபடி ஆரம்பித்தது. இந்த முறை டிவி இல்லை, பஸ் நம்பர் இல்லை. "போன் பண்றாங்கக்கா" என்றான்.

"பயமா இருக்காடா?"

"எனக்காகப் பயமில்ல. உன்னச் சொல்றாங்க. நீ எந்த மெஷின்ல உக்காருறன்னுகூடத் தெரிஞ்சு வச்சிருக்காங்க."

அக்கா டாக்டரம்மாவிடம் ஓடினாள். மாத்திரையைக் கூட்டினார். போன் வருவது நிற்கவில்லை. இன்னும் கூட்டினார். அவனுக்கு நாக்கு குழறியது, கை நடுங்கியது. பெயிண்ட் பீய்ச்சும் ஸ்ப்ரே கன்னைப் பிடிக்க முடியாமல் முதன்முறையாகச் சட்டையெல்லாம் பெயிண்டோடு வீட்டுக்கு வந்தான். மறுநாளிலிருந்து போகவில்லை. போனைத் துணியில் சுற்றி டப்பாவுக்குள் வைத்திருந்தான். அடித்தால் மட்டும் எடுத்துவிடுவான். எடுக்காவிட்டால் அக்காவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களாம்.

விடுப்பு நீட்டிக்கச் சொல்லிக் கேட்க, ஒரு மத்தியானம் அக்கா பணிமனைக்குப் போனாள். ஃபோர்மேன் சாப்பிடப் போயிருக்கிறார் என்று வாசலில் சொன்னார்கள். ஸ்டோர் அறைக்குப் பின்னால் போனாள். அங்கே ஆட்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு போன், ஸ்பீக்கரில். ஸ்டோர்காரன் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு கட்டைக் குரலில் பேசிக்கொண்டிருந்தான்.

"மேலிடத்துலேருந்து பேசுறோம். உங்க அக்கா பேரு இன்னைக்கு லிஸ்ட்ல வந்திருக்கு."

போனிலிருந்து தம்பியின் குரல் வந்தது. மாத்திரையில் குழறிய குரல்.

"ஐயா, அது காஜா மட்டுந்தான் எடுக்குது ஐயா. அதுக்கு ஒண்ணுமே தெரியாது. என்னை என்ன வேணா பண்ணிக்கங்க. எங்க அக்காவ விட்டுருங்க."

ஒருத்தனுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் புரையேறியது. பக்கத்தில் இருந்தவன் அவன் தலையில் தட்டினான். ஃபோர்மேனும் அந்த வட்டத்தில்தான் இருந்தான்.

அக்கா பாய்ந்து போனைப் பிடுங்கினாள். "டேய், நான்தாண்டா அக்கா! மேலிடமும் இல்ல ஒரு எழவும் இல்ல. ஸ்டோர்காரன் பேசுறான். உக்காந்து தின்னுக்கிட்டே சிரிக்கிறானுங்கடா!"

 "உன்னையும் புடிச்சிட்டாங்களாக்கா?" என்று தம்பி கேட்டான். போன் அணைந்தது.

ஸ்டோர்காரன் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தான். "ஏம்மா, இதுக்குப் போய் கத்துற? சும்மா சாப்பாட்டு நேரத்துல ஒரு தமாஷு."

அக்கா போனை அவன் மடியில் வீசினாள். "காலொடிஞ்சவன் வந்தா கட்டையப் புடுங்கி எறிஞ்சிட்டு தமாஷும்பியாய்யா? போன் பண்றாங்கன்னு சொன்னான். நாங்க யாரும் நம்பல. வியாதி முத்திருச்சுன்னு மாத்திரைக்கு மேல மாத்திரை குடுத்தோம். இங்க நீ பேசப் பேச அங்க அவன் கை விழுந்துபோச்சு. உனக்குச் சோறு இறங்க என் தம்பி அழணுமா?" ஃபோர்மேன் பக்கம் திரும்பினாள். "உங்களப் பெரிய மனுஷன்னு நம்பித்தான் வியாதியச் சொன்னேன்."

ஃபோர்மேன் தட்டைப் பார்த்தான்.

அவள் வீட்டுக்கு ஓடினாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள், கூப்பிட்டாள். உள்ளேயிருந்து கேள்வி வந்தது. "நீ எங்க அக்கான்னா சொல்லு. சின்ன வயசுல என் தாடையில தையல் போட்டாங்களே, எதனால?"

"நான் ஊஞ்சல வேகமா ஆட்டிவிட்டேன். நீ விழுந்த. அம்மாகிட்ட நானா விழுந்தேன்னு சொல்லி என்னைக் காப்பாத்தின."

 "அதையும் அவகிட்டேருந்து எடுத்துட்டீங்களா?" என்று அவன் தேம்பினான்.

இதற்கு மேல் எந்தச் சாட்சியைச் சொன்னாலும் அது தனக்கு எதிராகவே திரும்பும் என்று அக்காவுக்குப் புரிந்தது. அவள் எதைச் சொன்னாலும் மேலிடம் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். படியில் உட்கார்ந்து கதவில் தலையைச் சாய்த்தாள். எதையும் நிரூபிக்கப் போகவில்லை. "பயமா இருக்காடா?" என்று மட்டும் கேட்டாள்.

"ரொம்ப."

"எனக்கும்தான்டா."

வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. கதவை ஒரு சாண் திறந்து அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நீ அவங்க ஆளா இருந்தாலும் பரவால்ல, உள்ள வா. தனியா இருக்க முடியல" என்றான்.

அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். நடந்ததைக் கேட்ட டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "போன் வருதான்னு நானாவது பார்த்திருக்கணும்" என்றார். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார். பணிமனை மேனேஜரைப் பார்க்க அக்காவோடு தானே கிளம்பி வந்தார்.

மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். "பசங்க ஏதோ தெரியாம பண்ணிட்டாங்க. கண்டிச்சு வைக்கிறேன். தம்பியோட நல்லதுக்குச் சொல்றேன், அவருக்கு இந்த வேலை வேண்டாமே. விருப்ப ஓய்வு குடுத்துடலாம்."

"தப்புப் பண்ணினவன் உள்ள, அனுபவிச்சவன் வெளியவா? என் தம்பி பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடிச்சதுல ஏதாவது குறை உண்டா சார்? இருந்தா சொல்லுங்க, இப்பவே கூட்டிட்டுப் போயிடுறேன்."

குறை இல்லை என்பதால் அவர் கோப்பைப் புரட்டினார். தொழிலாளர் சங்கத் தலைவர், ரெண்டு பேருமே நம்ம ஆளுங்கதானேம்மா என்று இழுத்தார்.

மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் அக்கா பணிமனை வாசலில் நின்றாள். சேர்த்து வைத்த பேச்சுக்கெல்லாம் அப்போதுதான் வேலை வந்தது. போகிற டிரைவர், வருகிற கண்டக்டர், ஒருவரையும் விடவில்லை. நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். தம்பி போனில் கெஞ்சியதை அவன் குழறலோடு சொல்லிக் காட்டினாள். கேட்டவர்கள் சிரிக்கவில்லை. ஒரு டிரைவர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, தன் வீட்டிலும் ஒரு தங்கச்சி இப்படி இருக்கிறாள், வெளியே சொன்னதில்லை என்றார். தொழிற்சாலைப் பெண்களும் வந்து நிற்க ஆரம்பித்த பிறகு சங்கத் தலைவருக்குத் திடீரென்று நியாயம் தெரிந்தது.

ஸ்டோர்காரனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து விசாரித்தார்கள். பிறகு வேறு பணிமனைக்கு அனுப்பினார்கள். போகும்போது, "ஒரு பைத்தியத்துக்காக என் பொழப்பக் கெடுத்துட்டா" என்று வாசலில் சொல்லிவிட்டுத்தான் போனான். மற்றவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். ஃபோர்மேனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் பேசவே இல்லையாம், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டானாம். 

தம்பி தேறி வீட்டுக்கு வந்தான். கை நடுக்கம் நின்றது. வேறொரு ஷெட்டில் அரைநாள் வேலைக்குப் போனான். ஒரு சாயங்காலம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவனே பேச்சை எடுத்தான்.

"சரிக்கா. போன் பண்ணினது ஸ்டோர்காரந்தான்னு வச்சுக்குவோம். அவனப் பண்ணச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலடா. அவனாத்தான் பண்ணினான்."

"நான் அவனுக்கு ஏதாவது கெடுதல் பண்ணேனா?"

"இல்லடா."

"அப்புறம் எதுக்கு? யாரும் சொல்லாம, ஒரு காரணமும் இல்லாம, ஒரு மனுஷன் இன்னொரு மனுஷன இப்படிப் பண்ணுவானா?" அவன் நிஜமாகவே கேட்டான். அந்த முகத்தில் வியாதி எதுவும் தெரியவில்லை. "நம்ப முடியலக்கா. மேலிடம்னாகூட ஒரு அர்த்தம் இருக்கு."

அக்கா கரண்டியை எடுத்தாள்.  அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சாப்பாட்டை வைத்தாள்.