தூக்காமல் எழுப்புவது

கனகம்மாசத்திரத்தில் அங்கன்வாடியைப் பூட்டிவிட்டுத் திருத்தணி பேருந்தில் ஏறப் போனேன். வலது கால் படிக்கு வரவில்லை. முந்தைய நாளே பாதங்களில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. வெயிலில் அலைந்ததால் என்று விட்டுவிட்டேன். பின்னால் நின்ற பெண் என் இடுப்பைப் பிடித்து மேலே ஏற்றினாள். மறுநாள் காலையில் இரண்டு கால்களும் அசையவில்லை.

சென்னை மருத்துவமனையில் கில்லன் பாரே என்றார்கள் (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்புகளையே தாக்கும் நோய்). ரத்தக் குழாய் வழியே மருந்து ஏற்றினார்கள். நோய் மூச்சுவரை போகாமல் நின்றதே பெரிது என்றார் மருத்துவர். "கால் திரும்ப வரும்மா. மெதுவாத்தான் வரும்." எவ்வளவு மெதுவாக என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டில் என்னைத் தூக்கியவர் என் கணவர். கரும்பு பயிரிடுபவர், கட்டுக் கட்டாகத் தலையில் ஏற்றிப் பழகியவர். என் அக்குளில் கைகொடுத்து ஒரே மூச்சில் தூக்கிவிடுவார். கால்கள் தொங்கும். தோள் கழன்றுவிடும்போல் வலிக்கும். தொட்டாலே எரியும் தோல் அப்போது எனக்கு. பல்லைக் கடித்துக்கொள்வேன். தூக்கும் தடவைகள் குறையட்டும் என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விட்டது. இதைப் படிக்கும் உங்களில் சிலரும் இப்படிச் செய்துகொண்டிருக்கலாம். செய்யாதீர்கள்.

ஒரு நாள் குளியலறை ஈரத்தில் அவர் கால் வழுக்கியது. இருவரும் விழுந்தோம். நான் அவர்மேல் விழுந்ததால் எனக்கு ஒன்றுமில்லை. அவருக்கு முதுகில் வட்டு பிதுங்கிவிட்டது (எலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை போன்ற பகுதி விலகுவது). பக்கத்துத் தெருவிலிருக்கும் அவருடைய அக்கா (நான் அண்ணி என்று கூப்பிடுபவர்) வரும்வரை அப்படியே கிடந்தோம்.

அன்று மாலை அண்ணி அவரிடம் சொன்னார். "நீயும் படுத்துக்கினா யாருடா பாக்கறது? அவள அவங்க அண்ணன் வூட்டுக்கு அனுப்பு. பள்ளிப்பட்டு இன்னா தூரமா?"

கோபத்தில் சொன்னதல்ல. அடுத்து வந்த வாரங்களில் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

"அண்ணி சொல்றது சரிதாங்க" என்றேன். என் கணவர் சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தார்.

அவர் முதுகைப் பார்த்த மருத்துவர், வலி தணிந்ததும் எங்களைத் திருத்தணியில் ஓர் இயன்முறை மருத்துவரிடம் அனுப்பினார் (பயிற்சிகளால் உடல் இயக்கத்தை மீட்பவர்). நோயாளிகளைப் பாதுகாப்பாக நகர்த்துவது எப்படி என்று குடும்பத்தாருக்குச் சொல்லித்தரும் பெண் அவர். முதல் வகுப்பில் என் கணவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். எதுவும் சொல்லாமல் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார். இவர் பதறிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

"பயந்துட்டீங்களாண்ணா? அக்காவ நகத்தறதுக்கு முன்னாடி, இன்னா செய்யப் போறோம்னு சொல்லுங்க. அப்புறம் அவங்க ஆங்னு சொல்றவரைக்கும் கையே வைக்காதீங்க."

ஆட்டோவில் திரும்பும்போது அவர் கேட்டார். "தெனமும் உனக்கு இப்டிதான் இருந்துச்சா?"

"ஆங்."

"சொல்லியிருக்கலாமில்ல."

"தூக்கறது நீங்க ஒருத்தர்தான். உங்ககிட்ட இன்னான்னு சொல்றது?"

பள்ளிப்பட்டுப் பேச்சு அதன்பின் எழவில்லை.

கற்றுக்கொண்டது எளிதாகத்தான் தெரிந்தது. கட்டில் விளிம்புக்கு நகர்ந்து வர வேண்டும். பாதங்கள் தரையில் பதிய வேண்டும். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய வேண்டும். என் இடுப்பில் அகலமான துணிப் பட்டை. அவர் அதைப் பிடித்து, முட்டியை மடக்கி, முதுகை வளைக்காமல் நிற்பார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டியது நான்.

வாரக்கணக்கில் அது வரவில்லை. நான் சாயப் பயந்தேன். அவர் பழைய பழக்கத்தில் இழுத்துவிட்டு வலியில் தன் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். சண்டை போட்டோம். சில நாட்கள் இருவருக்குமே முயன்று பார்க்கத் தெம்பில்லை.

ஒரு காலையில் மூன்று என்று சொன்னபோது என் இடுப்பு கட்டிலை விட்டு எழும்பியது. தொடைகள் நடுங்கின. ஆனால் தாங்கின.

"நான் தூக்கல. பட்டையச் சும்மாதான் புட்ச்சிகினு இருந்தேன்" என்றார் அவர்.

உடனே உட்கார்ந்துவிட்டேன். வியர்த்துக் கொட்டியது. அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறேன். பாதங்களில் இன்னும் காலுறை போட்டதுபோன்ற மரமரப்பு இருக்கிறது. அது போகாமலும் இருக்கலாம் என்கிறார்கள். அவரால் முன்போல் கரும்பு தூக்க முடியாது. வெட்டு முடிந்ததும் வரப்பில் நின்று, கட்டுகளை ஏற்றும் ஆட்களைப் பார்த்துக்கொள்கிறார்.

முன்பெல்லாம் விழிப்பதும் எழுவதும் எனக்கு ஒன்றுதான். இன்று கண் விழித்தபின் பாதத்தைத் தேடி, முட்டியைக் கேட்டு, தரை தட்டுப்படும்வரை காத்திருக்கிறேன். கட்டிலின் மறு ஓரத்தில் அவரும் தன் முதுகு இளகட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார். அடுப்பில் ஏற்ற வேண்டிய பால் காத்திருக்கிறது. யார் உடம்பு முதலில் சரி என்கிறதோ அவர் எழுந்து போவார்.