கதவடியில் குவிந்த பனி

சாமான் இறக்கும் பின்வாசல் வழியாக வெளியேறி நடந்துகொண்டிருந்தேன். காலில் ஈரமான சாக்ஸ். ஜாக்கெட்டையும் பூட்ஸையும் கழற்றி வாங்கிக்கொண்டவர்கள் அதை மட்டும் மறந்துவிட்டார்கள். உள்ளே உறைகுளிர், வெளியே ஜூலை மாதத்து மதியம். கிடங்குகளின் வரிசை முடிவதற்குள் செருப்புக்குள் சாக்ஸ் காய்ந்து மொடமொடப்பாகிவிட்டது. கோபம்தான் காயவில்லை. அது யார் மேல் என்றும் தெரியவில்லை. சூப்பர்வைசர் மேலா, அந்தக் கதவின் மேலா, காற்றின் மேலா?

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் துபாயில் எதை வேண்டுமானாலும் கட்டினார்கள். ஒருவர் ஒரு பழைய கிடங்கைக் குளிரூட்டி, உள்ளே ஒரு சரிவு கட்டி, இயந்திரத்தால் பனி தூவி, பிள்ளைகள் சறுக்கி விளையாட விட்டார். நான் சப்ளை ஆள். விசா ஒரு கம்பெனியில், வேலை இன்னொரு கம்பெனியில். காலையில் சோனாப்பூர் லேபர் கேம்ப்பில் எந்த பஸ்ஸில் ஏறச் சொல்கிறார்களோ அதுதான் அன்றைய தொழில். அப்படித்தான் பனி அள்ளப் போனேன். போன முதல் நாளே, இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஊர் முழுக்கக் கொதிக்கும்போது மூக்கு சிவக்கக் குளிரில் நிற்கிற வேலை வேறெங்கே கிடைக்கும்?

சரிவின் அடிவாரத்தில் ஓர் அவசரக் கதவு இருந்தது. எங்கே பனி விழுந்தாலும் அது கடைசியில் அந்தக் கதவடிக்கு வந்து சேர்ந்தது. கூரையில் பெரிய விசிறிகள். அவற்றின் காற்று சரிவின் மேல் வழுக்கி இறங்கும்போது, புதுப் பனி கணுக்கால் உயரத்துக்கு ரவை உருளுவதுபோல ஓடும். ஒரு பனிமணி விழுந்து இன்னும் இரண்டைத் தட்டி எழுப்பும். பொடியாக இருப்பது புகையாக மேலே போகும். காற்று கீழ்ச்சுவரில் மோதிச் சுருண்டு மேலேறும். சுருளுகிற இடத்தில் அதற்குத் தூக்குகிற தெம்பு போய்விடும். சுமையைக் கதவடியில் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். விழுந்த பனி கொஞ்ச நேரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிக் கதவை நிலையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். காலையில் நாங்கள் மண்வாரியால் உடைப்போம். மதியத்துக்குள் மறுபடி சேரும்.

சூப்பர்வைசர் கொல்லத்துக்காரர். பாதி மலையாளம், பாதி தமிழ். ஒருநாள் கதவைப் பார்த்துத் தலையில் கை வைத்து நின்றபோது நான்தான் வாயைத் திறந்தேன்.

"சார், நான் ஓமன்ல ரோட்டுல மணல் அள்ளியிருக்கேன். வேலி போட்டா நிக்கும்."

"ஒறப்பாணோ?"

"உறுதி சார்."

"எடோ, அடுத்த வாரம் ஃபயர் செக்கிங் உண்டு. அன்னைக்கு இந்தக் கதவு ஒத்தக் கையால தள்ளினா தொறக்கணும். தொறந்தா, உன்ன கம்பெனி விசாவுக்கு மாத்த ஞான் பேசறேன்."

கம்பெனி விசா என்றால் இனி காலை பஸ் கிடையாது. அங்கேயே டூட்டி, அங்கேயே ரூம். அந்த வாரம் முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை.

முதலில் ஒரு முழு பிளைவுட் பலகையைக் கதவுக்கு முன்னால் நிறுத்தினேன். காற்று அதில் மோதிக் கீழே பாய்ந்து, பலகையின் முன்னால் நாய் பறித்ததுபோல ஒரு பள்ளம் தோண்டியது. தோண்டிய பனியை இரண்டு ஓரங்களிலும் வளைத்துக்கொண்டுபோய் மாட்டுக்கொம்பு மாதிரி கதவுவரை நீட்டிவிட்டது. ஓமனில் நாங்கள் நட்டது ஈச்ச மட்டை வேலி, சந்து சந்தாக இருக்கும் என்பது அப்போது ஞாபகம் வந்தது. மரப்பெட்டிச் சட்டங்களைப் பிரித்து, நடுவில் விரல் அளவு சந்து விட்டு ஆணி அடித்தேன். சரிவில் பிள்ளைகள் ஓடும் இடத்தை மறிக்கக் கூடாது என்றார்கள். கதவிலிருந்து நாலு அடியில் நட்டேன்.

எரிச்சல் என்னவென்றால், அந்தக் காற்றுக்கு முகவரியே கிடையாது. பாலைவனத்துக் காற்று ஒரு திக்கிலிருந்து வரும், நாள் கணக்கில் வரும். இங்கே ஒரு விசிறி தன்மேல் படிந்த ஐஸை உருக்க நின்றால் மற்றதின் காற்று குறுக்கே வரும். நின்றது மறுபடி ஓடினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். கொஞ்சம் ஓயும், குபீரென்று வீசும். எதைப் பார்த்து வேலி நடுவது?

செக்கிங் நாளன்று காலை போய்ப் பார்த்தேன். வேலிக்கு முன்னால் தரை வழித்துவிட்டதுபோல இருந்தது. வேலிக்குப் பின்னால், கதவை ஒட்டி, இடுப்பளவு பனி. நாலு பேர் உடைத்தும் முடியவில்லை. வந்த அதிகாரி ஒத்தக் கையால் தள்ளினார், பிறகு தோளால் தள்ளினார், பிறகு எழுதிக்கொண்டு போனார்.

"நீயல்லே சொன்னது, மணல்ல செஞ்சிருக்கேன்னு? மணலாடா இது?" என்றார் சூப்பர்வைசர். "கலாஸ். நாளைக்கு நீ வரண்டா." முடிந்தது, இனி வராதே என்கிறார்.

பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பலசரக்குக் கடை. அங்கே நின்ற கீழக்கரை பாய்க்கும் எனக்கும் ஒரே வயது. லீவு நாளில் அவர் கடையில்தான் என் பொழுது போகும்.

"என்ன மாப்ள இந்நேரத்துல? கடை உருகிடுச்சா?"

"அனுப்பிட்டாங்க பாய்."

"பாலைவனத்துக்கு வந்து பனி அள்றேன்னு நீ சொன்னப்பவே நெனச்சேன், இவனுக்கு வெயில் ஏறிடுச்சுன்னு. என்ன செஞ்ச?"

"வேலி போட்டேன். ஓமன்ல போட்ட மாதிரியேதான்."

"அங்க ரோட்ட ஒட்டியா போட்டீங்க?"

தண்ணீர் பாட்டிலைத் திறக்கப்போன கை நின்றது. இல்லை. ரோட்டில் நின்று பார்த்தால் வேலி கோடு கிழித்தது மாதிரித் தெரியும், அவ்வளவு தூரம். சந்து வழியே நுழைந்த காற்று வேகம் குறைந்து, வேலிக்கும் ரோட்டுக்கும் நடுவிலிருக்கும் காலி இடத்தில் மணலைக் கொட்டும். ஆகவே ரோடு தப்பும். நான் அங்கே மட்டை சுமந்தவன். எங்கே நட வேண்டும் என்று குறி போட்டவன் வேறொருவன். எவ்வளவு தூரம், ஏன் என்று அவனை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

"கதவுக்கு நாலு அடி முன்னால போட்டேன் பாய்."

பாய் சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்த பாகிஸ்தானி டிரைவர் திரும்பிப் பார்த்தார். "அப்ப நீ வேலி போடல மாப்ள. பனிக்கு ரூம் போட்டுக் குடுத்திருக்க. சரி சரி, தண்ணியக் குடி."

அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கிடங்கில் தள்ளி நட இடமும் இல்லை என்பதை நினைக்க நினைக்க இன்னும் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் காலை கேம்ப் வாசலில் ஃபோர்மேன் ஒருவர் வந்து நின்றார். பட்டாணியர். பாலைவனத்து ரோடு ஒன்றில் மணல் ஏறுகிறது, வேலி நட ஆள் வேண்டும், அனுபவம் யாருக்கு என்று இந்தியில் கேட்டார். கை தூக்கினேன்.

"கல் கஹான் தா?" நேற்று எங்கே வேலை என்கிறார்.

"ஸ்னோ மே, பாய்."

வரிசையே சிரித்தது. அவர் சிரிக்காமல் பஸ்ஸைக் காட்டினார்.

இறங்கிய இடத்தில் பச்சை வலையும் கம்புகளும் கிடந்தன. நான் ஒரு கம்புக் கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ரோட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் நட வேண்டும், ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டேன். ஃபோர்மேன் "ஜல்தி கரோ", சீக்கிரம் ஆகட்டும் என்று மட்டும் சொல்லி, மணலுக்குள் எங்கோ சிவப்பு பெயின்ட் அடித்து வைத்திருந்த ஒரு கல்லைக் கை நீட்டிக் காட்டினார். நான் கம்புகளோடு அதை நோக்கி நடக்க ஆரம்பித்தேன்.