போய்ச் சேராத அழுத்தம்

எங்கள் சோதனைக்கூடத்தில் நாள் முழுக்கக் காதில் விழுவது இரண்டே சொற்கள். ஹை. நஹீ. கையுறை மாட்டிக்கொண்டு ஒருவர் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். இணைப்பின் மறுமுனையில், பக்கத்து அறையிலோ பெங்களூரிலோ, இன்னொருவர் இதே போன்ற கையுறைக்குள் விரலை மடக்குவார். குறிப்பெடுக்கும் மராட்டியப் பெண்மணி அட்டையோடு வந்து நிற்பார். அவருக்கும் என் வயதுதான், ஐம்பதைத் தொடப் போகிறவர். "ஹை? நஹீ?" தொடுகை தெரிந்தால் ஹை. தெரியாவிட்டால் நஹீ. அட்டையில் ஒரு கோடு. அடுத்த மேசை.

எங்கேயோ இருக்கும் ஒரு கையை வலைவழியே கொண்டுவந்து இங்கே ஒரு தோலின்மேல் வைப்பது. புனேயில் என் பிழைப்பு இதுதான். கண்ணை ஏமாற்றுவது சுலபம், நொடிக்கு முப்பது படம் காட்டினால் போதும். தோல் பொல்லாதது. நொடிக்கு ஆயிரம் தரம் சேதி கேட்கும். அவ்வளவையும் சுமக்க வீட்டு இணைப்புகளால் ஆகாது. ஆகவே தோலுக்குப் புலப்படாத சின்னச் சின்ன மாற்றங்களை அனுப்பாமலே விட்டுவிடுவோம். எது சின்னது என்பதை அந்த அட்டைக் கோடுகள் சொல்லும். பெரும்பாலோர் நஹீ சொன்ன இடத்துக்குக் கீழே உள்ளதெல்லாம் பதர்.

நான் அதை முறம் என்பேன். போபோடியில் அப்பா வீட்டுச் சமையலறையில் அம்மா ரேஷன் அரிசி புடைக்கும்போது கனமானது நிற்கும், லேசானது பறக்கும். இந்த முறத்தைச் செய்தவன் நான். அதற்குக் கை கொடுத்தவர்கள் எல்லாரும் காலையில் பஸ் பிடித்து வேலைக்கு வரக்கூடிய உடம்புக்காரர்கள். வடா பாவைத் தின்றுவிட்டு வந்து உட்காரும் திடமான கைகள். வேறு மாதிரிக் கை உலகத்தில் இருப்பது எங்களுக்குத் தெரியும். அளந்துபார்க்கத் தோன்றவில்லை.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது மழைக்காலத் தொடக்கத்தில். பேச்சு போயிற்று. வலப்பக்கம் போயிற்று. இடக்கையில் மட்டும் கொஞ்சம் உயிர் மிச்சம் இருந்தது. அந்தக் கையின் ஆள்காட்டி விரலுக்கு நுனி கிடையாது. வாலிபத்தில் சைக்கிள் சங்கிலி கொண்டுபோனது.

தங்கை கனடாவில் இருக்கிறாள். அப்பா அவளோடு பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது. அம்மா இறந்தபோது அவளால் வர முடியவில்லை. விசாவுக்குக் கொடுத்திருந்த பாஸ்போர்ட் கைக்கு வரவில்லை. "காகிதம் பெரிசா, பெத்தவ பெரிசா?" என்று ஃபோனில் அப்பா கேட்டார். அவளிடம் அவர் பேசிய கடைசி வாக்கியம் அது. அதன்பிறகு வீடியோவில் அவள் முகம் வந்தால் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார். ஆறு வருஷத் தாகம். இப்போதும் பாஸ்போர்ட் அதே போல ஏதோ ஓர் அலுவலகத்தில் கிடந்தது. ஒரே ஒரு வித்தியாசம், எழுந்து போக அப்பாவுக்குக் காலில்லை.

"அண்ணா, அவரு மனசு எறங்குச்சா இல்லையான்னு நான் எப்படித் தெரிஞ்சிக்கிறது? வாயும் போச்சு."

"கை இருக்கும்மா," என்றேன்.

ஆபீசில் சோதனைக்கு என்று எழுதிக் கொடுத்து ஒரு ஜோடி கையுறை வாங்கினேன். ஒன்று கூரியரில் கனடா போயிற்று. முதலில் நானும் அவளும் பழகிப் பார்த்தோம்.

"ஏ, இது யாரு கை? உன் கை இவ்ளோ மெத்துனு இருக்காதே! மவுஸப் புடிச்சுப் புடிச்சுப் பஞ்சாயிட்டியா?"

சிரித்துச் சிரித்துக் கைகுலுக்கினாள். பிறகு, "விடாம புடிச்சிருக்கியே, இன்னா பாசம்!" என்றாள். நான் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுச் சாயா ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"அது நான் இல்லம்மா. கையுற லைன் அறுந்துடுச்சு. என் கை அடுத்து இன்னா பண்ணும்னு மெஷினே ஊகிச்சுப் பண்ணுது."

சிரிப்பு நின்றுவிட்டது. "அப்பாகிட்ட மாட்டும்போது அத அணைச்சிடு."

"லைன் ஆடுச்சுன்னா விட்டு விட்டு வரும்."

"வரட்டும். அவரு அமுக்கலேன்னா அமுக்கலேன்னே இருக்கட்டும். பொய்யா ஒரு கை எனக்கு வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை மாலை, போபோடி வீட்டில். அவளுக்கு அப்போது காலை. அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் மாவ்ஷி, பக்கத்துச் சந்திலிருந்து வரும் மராட்டிக்காரம்மா, விரல் விரலாகக் கையுறையை ஏற்றினார். "க்யா பாபா, சாஹேப் பன் கயே!" துரையாகிவிட்டீர்களே என்ற கேலி. அப்பாவின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சிரிப்பு என்றே எடுத்துக்கொண்டோம்.

வெளியே மழை. சந்துக்குக் குறுக்கே தொங்கும் இணையக் கம்பி காற்றில் ஆடியது. இணைப்பும் ஆடியது. அப்பாவின் கையிலோ ஏற்கெனவே ஒரு நடுக்கம். இரண்டும் சேர்ந்து அவள் உள்ளங்கையில் பூச்சி ஓடுவது போல் இருக்கும் என்று எனக்குத் தெரியும், இருபது வருஷமாக இந்த வேலைதானே. அவளுக்கு நடுக்கம் போகக் கூடாது. ஆறு வருஷம் கழித்துப் போகிற கை சுத்தமாகப் போகட்டும். இதற்குக் கீழே அனுப்பாதே என்ற அளவை இன்னும் மேலே ஏற்றினேன். விசையில் மூன்று தட்டு. லேசானதெல்லாம் பறக்கட்டும். மூச்சுவிடும் நேரம்கூட ஆகவில்லை.

கையுறை போட்ட கையை வேறு யாரும் தொடக் கூடாது. தொட்டால் அந்தத் தொடுகையும் கலந்துவிடும். மாவ்ஷியைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். இணைப்பின் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவைப் பார்க்கவில்லை.

"அப்பா, நான்தாம்பா," என்றது ஸ்பீக்கர்.

தலைக்கு மேலே பாலத்தில் மெட்ரோ போயிற்று.

"கை வந்திடுச்சு அண்ணா. கனமா இருக்கு." மெட்ரோ சத்தம் தேய்ந்து அடங்கியது. "வெச்ச கை வெச்ச மாதிரியே இருக்கு."

"இரும்மா. மெதுவாத்தான் வரும்."

"அப்பா, கொஞ்சம் அமுக்குங்கப்பா. ஒரே ஒரு வாட்டி. திட்டணும்னாலும் அமுக்கியே திட்டுங்க."

மழை. கம்பி. திரையில் பச்சைக் கோடு நேராக, அழகாக ஓடியது. எவ்வளவு சுத்தமான இணைப்பு என்று பூரித்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"போதும் அண்ணா. அவருக்கு இஷ்டமில்ல."

"இன்னும் கொஞ்சம்…"

"வேணாம். முடியாதவரப் போட்டு வற்புறுத்தாத." கையை உருவிக்கொண்டாள்.

திடமான கை, வெடுக்கென்று உருவியது. அது ஒரு துளி சிந்தாமல் இங்கே வந்து சேர்ந்தது. கையுறையின் உள்பட்டைகள் சட்டென்று தளர, அப்பாவின் விரல்கள் விரிந்துகொண்டன.

"பாபா ரோ ரஹே ஹைன்," என்றார் மாவ்ஷி. அழுகிறார்.

பக்கவாதத்தில் கண்ணீர் தானாக வரும், டாக்டர் சொல்லியிருக்கிறார், என்று நான் அவருக்கு இந்தியில் விளக்கினேன். நல்ல இந்தியில்.

பதினோராம் நாள் அப்பா போய்விட்டார். சுடுகாட்டுத் தகரக் கூரையின் கீழ் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். தங்கை அழவில்லை. "அவரு மேல தண்ணி சொட்டுது அண்ணா, பாரு," என்று மட்டும் சொன்னாள். நாலு பேரைக் கூப்பிட்டுப் பாடையை நகர்த்தச் சொன்னேன்.

கையுறையைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. கொடுக்குமுன் நினைவகத்தைத் துடைக்க வேண்டும், அது வழக்கம். வலையில் எது போனாலும் போகாவிட்டாலும், கை விரல்நுனிகளால் செய்தது அனைத்தையும் கையுறை தன்னிடம் எழுதி வைத்துக்கொள்ளும். துடைக்கப் போனவன் திறந்து பார்த்தேன்.

நேர்கோடு இல்லை அங்கே. மேடுகள்.

நடுக்கம் புல் மாதிரி முளைத்திருந்தது. அதன் நடுவே, வேண்டுமென்றே எழும்பியவை, நான்கு. கட்டைவிரலும் நடுவிரலும் மோதிரவிரலும் சுண்டுவிரலும் சேர்ந்து எழும்பி, நின்று, சோர்ந்து இறங்கியிருந்தன. முதல் மேடு அவள் "நான்தாம்பா" என்று சொன்ன உடனே. எல்லாம் நான் ஏற்றிவைத்த அளவுக்குக் கீழே. நாலு தரம் அப்பா மகளின் கையை அமுக்கியிருக்கிறார். நாலு தரமும் முறம் புடைத்துத் தள்ளியிருக்கிறது. ஓர் எட்டு எடுத்து வைத்து அந்தக் கையுறைமேல் என் கையைப் போட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். கூடாது என்று சொன்னவனே நான்.

ஐந்தாவது ஒன்றும் இருந்தது. அவள் உருவிக்கொண்ட பிறகு. மற்ற நான்கையும்விட நீளம். வெறும் கையுறையை, போய்விட்ட கையை, பிடித்தது பிடித்தபடி.

எழுந்தேன், உட்கார்ந்தேன், ஆளந்தி ரோடு வரை நடந்து ஒன்றும் வாங்காமல் விஷ்ராந்த்வாடியில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். இரண்டு நாள் இப்படியே. மூன்றாம் நாள் கூப்பிட்டேன்.

"கையுறை இன்னும் அங்கதான இருக்கு?"

"டப்பாலயே இருக்கு. திருப்பி அனுப்பணும்ல."

"ஒரு ஃபைல் அனுப்புறேன். போட்டுப் பாரும்மா. அப்பா அமுக்குனாரு. நான்தான் அளவ ஏத்திவெச்சு அனுப்பாம விட்டுட்டேன்."

"உன் மெஷின் ஊகிச்சதா அண்ணா?"

"இல்லம்மா."

"எனக்கு ஆறுதலாருக்கட்டும்னு நீ செஞ்சதா?"

பொய்க் கை செய்வதுதான் என் வேலை. அவளே ஒருமுறை என் இல்லாத கையோடு கைகுலுக்கியவள். "போட்டுப் பாரு," என்றேன். ஃபைலை அனுப்பினேன். நாலாவது மேடு இறங்கும் இடத்தில் வெட்டிவிட்டு அனுப்பினேன்.

மறுநாள் காலை, அலுவலக பஸ்ஸில் இருக்கும்போது அவளே கூப்பிட்டாள்.

"ஆள்காட்டி விரல் மட்டும் வரல அண்ணா. மத்த எல்லா விரலும் வருது. அந்த எடத்துல ஒண்ணுமே இல்ல." மூச்சு. "அப்பாதான்."

"ஆமாம்மா."

"நாலு வாட்டி."

"நாலு."

"அப்புறம்? நான் கைய எடுத்ததுக்கு அப்புறம்?"

ஜன்னலுக்கு வெளியே மழையில் பைக்குகள் வரிசையாக நின்றன. ஒருவர் பிளாஸ்டிக் உறையைத் தலையில் கவிழ்த்திருந்தார். அதையே பார்த்தேன்.

"அப்புறம் தூங்கிட்டாரும்மா."

"அப்ப சரி," என்றாள். "அப்ப சரி அண்ணா." அப்போதுதான் அழுதாள், அந்த ஆறு வருஷத்துக்கும் சேர்த்து. பஸ் ஔந்த் தாண்டும்வரை நான் ஃபோனை வைக்கவில்லை.

சோதனைக்கூடத்துக்குப் போய் என் மேசையில் உட்கார்ந்தேன். துடைக்க வேண்டிய கையுறையைப் பையிலிருந்து எடுத்து முன்னால் வைத்தேன். மாட்டிக்கொண்டேன். ஐந்தாவதை மட்டும், அளவு ஏதும் வைக்காமல், என் கைக்கு ஓட்டினேன்.

நடுக்கத்தோடு வந்தது. கட்டைவிரல், நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல். ஆள்காட்டி இருக்க வேண்டிய இடத்தில் காற்று. இவ்வளவு லேசாக ஒரு பிடி இருக்க முடியுமா, இவ்வளவு நேரம்.

குறிப்பெடுக்கும் பெண்மணி வழக்கம்போல் அட்டையோடு வந்து நின்றார். நான் கண் மூடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துச் சோதனை நடக்கிறது என்று நினைத்துவிட்டார்.

"ஹை? நஹீ?"

"ஹை," என்றேன்.

ஒரு கோடு போட்டுக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்.